நீள முடி கினி பிக்குக்கு தோல்ல காயம்: அடிக்கடி வர்ற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

எங்க வீட்ல ரெண்டு கினி பிக், ரெண்டும் ஆம்பளைங்க. ஒண்ணு பேரு பஞ்சு, பெருவியன் வகை, முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. இன்னொண்ணு பேரு முறுக்கு, டெக்ஸெல் வகை, முடி சுருட்டை சுருட்டையா இருக்கறதால அந்தப் பேரு. அகராதியில இதுக்கு சீமைப் பெருச்சாளின்னு ஒரு பேரு போட்ருக்கு, எங்க பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் எலின்னு தான் சொன்னாங்க. நான் டாக்டர் இல்ல. ஆனா அஞ்சு வருஷமா வளக்கறேன், தப்பும் நிறைய பண்ணிருக்கேன், அதனால தெரிஞ்சவங்க போன் பண்ணி கேக்கறத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

கே: இவ்ளோ முடிக்குள்ள காயம் இருக்குன்னு எப்படிங்க தெரியும்?

கண்ணால தெரியாது, விரலால தான் தெரியும். தினமும் சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம், மடியில ஒரு டவல் போட்டு உக்கார வச்சு, கையில கொத்தமல்லி ஒரு கொத்து குடுத்துட்டு, அது மென்னுட்டு இருக்கும்போதே கழுத்துல ஆரம்பிச்சு பின்பக்கம் வரைக்கும் விரல் நுனிய தோல் மேல படற மாதிரி ஓட்டுங்க. முடி மேல தடவினா ஒண்ணும் தெரியாது, அது நமக்கு சுகம், அவ்ளோதான். தோல்ல ஏதோ நெருடுது, ஒரு இடத்துல மட்டும் முடி நாலஞ்சு சேந்து விறைப்பா ஒட்டிருக்கு, ஒரு இடம் மத்த இடத்த விட சூடா இருக்கு, தொட்டா சட்டுன்னு உடம்ப இழுத்துக்குது இல்ல 'வீக்'னு கத்துது, இதெல்லாம் தான் அறிகுறி.

அப்படி ஒரு இடம் மாட்டுச்சுன்னா அங்க வாயால மெதுவா ஊதுங்க, முடி ரெண்டா பிரிஞ்சு தோல் தெரியும். இல்லன்னா தலைக்கு வகிடு எடுக்கற மாதிரி சீப்பு நுனியால வரிசையா பிரிச்சுப் பாருங்க, மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல புடிச்சா மேலாக்க சின்ன பக்கு கூட தெரியும். பஞ்சுக்கு வந்த முத காயத்த நான் கண்டுபிடிச்சது மூக்கால. தூக்கும்போது புளிச்ச மாவு மாதிரி ஒரு வாடை, கூண்டு அழுக்குன்னு நெனச்சு துணிய எல்லாம் மாத்துனேன், அடுத்த நாளும் அதே வாடை, அப்புறம் தான் இடுப்புப் பக்கம் ஒரு சடைக்கு அடியில தோல் ஈரமா சிவந்து கிடந்தது தெரிஞ்சுது. வயித்துக்கு அடியில, கக்கத்துல, தொடை இடுக்குல, வாலு இருக்க வேண்டிய எடத்துக்குக் கீழ, இந்த நாலையும் விட்றாதீங்க, எங்க முடி நனையுதோ அங்க தான் கெட்டுப்போகும்.

கே: காதுக்குப் பின்னாடி முடியே இல்ல, காயம் ஆறி வழுக்கை ஆயிடுச்சா?

இல்லங்க, எல்லா கினி பிக்குக்கும் அங்க முடி இருக்காது. அதே மாதிரி வயித்துல ரெண்டு சின்ன மொட்டு தெரிஞ்சா மருவோ உண்ணியோ இல்ல, காம்பு, ஆணுக்கும் உண்டு. தயவு செஞ்சு புடிச்சு இழுக்காதீங்க. முதுகெலும்பு முடியற எடத்துல எண்ணெய்ப் பசையா அழுக்கு சேந்திருந்தா அது அங்க இருக்கற சுரப்பி, ஆம்பளைங்களுக்கு அதிகம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊற வச்சு துடைச்சு எடுத்துடலாம். பொம்பள கினி பிக்குக்கு ரெண்டு விலாவுலயும் ஒரே மாதிரி முடி கொட்டி, ஆனா அரிப்பே இல்லன்னா, அது தோல் பிரச்சனையாவே இருக்காது, சினைப்பையில நீர்க்கட்டி இருக்கான்னு ஸ்கேன் பாக்கச் சொல்வாங்க.

கே: சிக்கு வெட்டும்போது கத்திரி தோல்ல பட்டு கிழிஞ்சிடுச்சு. என்ன பண்றது?

மொதல்ல, நீங்க மட்டும் இல்ல, நானும் பண்ணிருக்கேன். சடை கட்டும்போது அது தோல தன்னோட சேத்து மேல இழுத்து வச்சுக்கும், நாம முடின்னு நெனச்சு வெட்டறது பாதி தோலா இருக்கும், கினி பிக் தோல் வேற மெலிசு. எனக்கு நடந்தப்போ ரத்தம் கூட பெருசா வரல, பட்டன் ஓட்டை மாதிரி சுமார் ஒரு சென்டிமீட்டர், உள்ள வெளிர் ரோஸ் கலர்ல பளபளன்னு தெரிஞ்சுது, அது ஒரு சத்தமும் போடாம அப்படியே உறைஞ்சு உக்காந்திருந்துச்சு. எனக்குத்தான் கை நடுங்குச்சு.

சுத்தமான காட்டன் துணியோ காஸோ (காயத்துக்குக் கட்டற மெலிசு துணி) வச்சு அஞ்சு நிமிஷம் அழுத்திப் புடிங்க, நடுவுல நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கும் (மருத்துவப் பஞ்ச சொல்றேன், எங்க வீட்டுப் பஞ்ச இல்ல). ரத்தம் நின்னதும் சலைன்ல கழுவிட்டுப் பாருங்க. மேலாக்க சிராய்ச்ச மாதிரி இருந்தா வீட்லயே பாத்துக்கலாம். தோலோட ரெண்டு ஓரமும் வாய் திறந்து நின்னா, அடியில சதை தெரிஞ்சா, தையல் வேணுமான்னு அன்னிக்கே காட்டிடுங்க. நக வெட்டும்போது ரத்தம் வந்தா மட்டும் கொஞ்சம் கார்ன்ஃப்ளவர் மாவு அழுத்துனா நின்னுடும், அந்த மாவ திறந்த காயத்துல போடாதீங்க.

இனிமே சிக்கு எடுக்கணும்னா சடைக்கும் தோலுக்கும் நடுவுல பேன் சீப்ப செருகி, சீப்புக்கு மேல மட்டும் வெட்டுங்க. சீப்பே உள்ள போகலன்னா கத்திரிய கீழ வச்சுட்டு சின்ன டிரிம்மர் எடுங்க. பிளேடு சூடாகுதான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ உங்க மணிக்கட்டுல தொட்டுப் பாத்துக்கோங்க.

கே: காயத்த கழுவறது எப்படி? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

கழுவறதுக்கு முன்னாடி முடி. காயத்தச் சுத்தி எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டராவது முடிய ஒட்ட வெட்டிடணும், இதுதான் பாதி வைத்தியம். நிறைய பேரு இங்க தான் மனசு வராம நிக்கறாங்க, ஷோவுக்கா கூட்டிட்டுப் போகப் போறீங்க? நீள முடி காயத்துக்குள்ள விழுந்து சீழோட ஒட்டி மூடி போட்ட மாதிரி ஆயிடும், வெளிய காஞ்ச மாதிரி தெரியும், உள்ள அழுகும். வெட்டற முடி காயத்துக்குள்ள விழாம இருக்க காயத்து மேல மெடிக்கல்ல கிடைக்கற கே ஒய் ஜெல்லி மாதிரி தண்ணில கரையற ஜெல்ல கொஞ்சம் தடவிட்டு வெட்டுங்க, முடி எல்லாம் அதுல ஒட்டிக்கும், அப்புறம் கழுவும்போது சேந்து போயிடும்.

மெடிக்கல் ஷாப்ல நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும். இல்லன்னா கொதிக்க வச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது ஒரு டம்ளர் கால் லிட்டர்னா அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி. தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சுல எடுத்து பக்கவாட்டுல இருந்து பீச்சுங்க, அழுக்கு வெளிய வர்ற வரைக்கும். அப்புறம் பீட்டாடின் சொல்யூஷன அப்படியே ஊத்தாம தண்ணி கலந்து ரொம்ப லைட்டான கட்டன் டீ கலருக்கு கொண்டு வந்து காஸ்ல நனைச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கடைசியா சுத்தி இருக்கற முடிய டிஷ்யூ வச்சு நல்லா உலர்த்துங்க. ஈரத்தோட விட்டா கழுவாம இருந்ததே மேல்னு ஆயிடும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போதும். ஒருத்தர் புடிக்க ஒருத்தர் கழுவ, ரெண்டு பேரு இருந்தா நல்லது, புடிக்கறவங்க ஒரு கை நெஞ்சுக்கு அடியில ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில குடுத்து தாங்கணும், மல்லாக்க போட்டு அமுக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க, பயத்துலயே பாதி உசுரு போயிடும் அதுக்கு.

கூண்டுல மரத்தூள் போட்ருந்தா காயம் ஆறற வரைக்கும் எடுத்துட்டு பழைய டி-ஷர்ட் இல்ல ஃப்ளீஸ் துணி விரிங்க, தினம் மாத்துங்க.

கே: மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால்?

மஞ்சள் பொடி வேண்டாம். நமக்கு பாட்டி வச்ச மாதிரி இதுக்கும் வைக்கலாம்னு கை போகும், ஆனா சமையல் மஞ்சள் பொடி சுத்தமான மருந்து இல்ல, ஈரத்தோட சேந்து முடில கெட்டியா பக்கு கட்டிக்கும், அடியில சிவப்பா இருக்கா சீழ் இருக்கான்னு பாக்கவே முடியாது. தேங்காய் எண்ணெய் விஷம் இல்ல, ஆறிக் காஞ்ச தோலுக்கு ஒரு சொட்டு பரவால்ல, திறந்த காயத்துக்கு வேண்டாம், முடிய எல்லாம் ஒட்ட வச்சு அழுக்கப் புடிச்சு வச்சுக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, டீ ட்ரீ ஆயில் நாலும் பக்கத்துலயே வரக்கூடாது. எரியும்ங்கறது ஒரு பக்கம், அது அத நக்கும்ங்கறது இன்னொரு பக்கம்.

கே: நாம போட்டுக்கற ஆயின்ட்மென்ட் போடலாமா?

எதப் போட்டாலும் அது வாய்க்குள்ள போகும்னு நெனச்சுக்கிட்டு யோசிங்க. நியோஸ்போரின் பவுடர்ல பாசிட்ராசின்னு ஒரு ஆன்டிபயாடிக் இருக்கு, வயித்துக்குள்ள போனா கினி பிக்குக்கு ஆபத்துன்னு சொல்ற மருந்துகள்ல அதுவும் ஒண்ணு. படர்தாமரைக்குன்னு கடையில சீட்டு இல்லாம குடுக்கற க்ரீம் பலதுலயும் ஸ்டீராய்டு கலந்திருக்கும், முதல்ல அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், அப்புறம் பூஞ்சை இன்னும் பரவும். மரத்துப் போக வைக்கற க்ரீமும் கூடாது. எங்களுக்கு டாக்டர் சில்வர் சல்ஃபாடையாசின் க்ரீம் எழுதிக் குடுத்தாரு, அது மெலிசா தடவி இருபது நிமிஷம் மடியிலயே வச்சு வெள்ளரிக்காய் குடுத்து கவனத்த திருப்பிட்டு, மிச்சத்த ஒத்தி எடுத்துட்டு தான் கூண்டுல விடுவோம். நீங்களும் கேட்டுட்டு போடுங்க.

கே: ஆன்டிபயாடிக் வீட்ல மிச்சம் இருக்கு, கொஞ்சமா குடுக்கலாமா?

குடுக்காதீங்க. இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இத வச்சுக்கோங்க. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாதிரி பெனிசிலின் குடும்பம் முழுக்க, அப்புறம் கிளிண்டாமைசின், எரித்ரோமைசின், செஃபலெக்சின் வகை, இதெல்லாம் வாய் வழியா போனா கினி பிக் குடல்ல புல்ல செரிக்க வைக்கற நல்ல கிருமிய அழிச்சுடும், அந்த எடத்துல கிளாஸ்ட்ரிடியம்ங்கற கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும், பேதி வந்து சில நாள்லயே செத்துப்போகும். காயத்தால சாகாதது மருந்தால சாகும். நாய்க்கு பூனைக்கு சர்வசாதாரணமா குடுக்கற மருந்துங்கறதால டாக்டரே மறந்து எழுதலாம். எனக்கு ஒரு கிளினிக்ல அமாக்சிசிலின் சிரப் எழுதினாங்க, 'சார் இது கினி பிக் சார், முயல் மாதிரி, இது குடுக்கலாமா'ன்னு கேட்டதும் அவரே புக்க எடுத்துப் பாத்துட்டு மாத்திக் குடுத்தாரு. கேக்கறதுல வெக்கம் வேண்டாம். பொதுவா என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா தான் இதுங்களுக்கு எழுதுவாங்க, அளவு எடைக்கு கணக்கு போட்டு அவங்க சொல்லணும். வலிக்கு மெலாக்ஸிகாம் குடுப்பாங்க. பாராசிட்டமால், ப்ரூஃபென் எதையும் நீங்களா ஒடைச்சு கரைச்சு ஊத்தாதீங்க.

கே: ரெண்டு ஆணும் சண்ட போட்டு கடிச்சுக்கிச்சு. ரத்தம் கொஞ்சம் தான்.

கடிச்ச காயம் எப்பவும் வெளிய சின்னதா உள்ள ஆழமா இருக்கும். பின்பக்கம், காது, உதடு, முகவாய் இங்க தான் அதிகம் கடிக்கும். ரெண்டு புள்ளி மாதிரி தெரியும், ரெண்டு நாள்ல மூடிக்கும், ஆறிடுச்சுன்னு விட்டா ஒரு வாரத்துல அங்க கோலி குண்டு மாதிரி சீழ்க்கட்டி. கழுவிட்டு, தினம் விரல் வச்சுப் பாத்துட்டே இருங்க. பல்ல நறநறன்னு ஆட்டறது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறறது, உறுமிக்கிட்டே இடுப்ப ஆட்டி நடக்கறது எல்லாம் யார் பெரியவன்ங்கற பஞ்சாயத்து, அதுல தலையிட வேண்டாம். ரத்தம் வந்துடுச்சுன்னா பிரிங்க, ஆனா நடுவுல கம்பி வலை வச்சு ஒண்ண ஒண்ணு பாக்கற மாதிரி. கைய விட்டுப் பிரிக்காதீங்க, டவல தூக்கிப் போடுங்க, என் ஆள்காட்டி விரல்ல இன்னும் தழும்பு இருக்கு.

கே: சண்டையும் இல்ல, வெட்டும் இல்ல, ஆனா உடம்பெல்லாம் கீறல், பக்கு.

அப்போ அதுவே சொறிஞ்சுக்கிட்டு பண்ணது. சொறிப்பூச்சி தோலுக்கு அடியில குடைஞ்சு போகும், கண்ணுக்குத் தெரியாது, அரிப்பு எவ்ளோ கொடுமைன்னா சொறியும்போதே ஃபிட்ஸ் வந்த மாதிரி விழுந்து துடிக்கும், தோள்பட்டையிலயும் முதுகுலயும் முடி போய் தோல் தடிச்சு மஞ்சள் பக்கா இருக்கும். பேன்னா முடிய பிரிச்சாலே நகர்றது தெரியும். ரெண்டுக்கும் டாக்டர் ஐவர்மெக்டின் ஊசி இல்ல சொட்டு மருந்து குடுப்பாங்க, ஒரு தடவயோட முடியாது, வாரம் பத்து நாள் இடைவெளில திரும்பக் குடுக்கணும், கூட இருக்கற எல்லா கினி பிக்குக்கும் சேத்து. நாய்க்கு உண்ணிக்கு போடற மருந்த பாதியா ஊத்தலாம்னு நெனைக்காதீங்க, எடையே ஒரு கிலோ தான்.

மூக்கு, கண்ணச் சுத்தி, காதுல வட்ட வட்டமா முடி போய் செதில் உதிர்ந்தா படர்தாமரை. இது நமக்கும் ஒட்டும், முக்கியமா குழந்தைங்களுக்கு. கிளவுஸ் போடுங்க, தூக்கின துணிய தனியா துவைங்க.

கே: பின்பக்கம் புழு வச்சிருக்கு!

படிக்கறத நிறுத்திட்டு கிளம்புங்க, இது அவசரம். நீள முடியில மூத்திரமும் புழுக்கையும் ஒட்டி நாறும்போது ஈ வந்து முட்டை வைக்கும், ஒரு நாளுக்குள்ளயே பொரிஞ்சு புழு தோல தின்ன ஆரம்பிச்சுடும், மழை விட்டு வெயில் அடிக்கற நாள்ல ரொம்ப மோசம். கிளம்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இருந்தா முடிய ஒட்ட வெட்டி, சலைன்ல பீச்சி, ட்வீசர்ல தெரியற புழுவ எடுங்க. மாட்டுப் புண்ணுக்கு அடிக்கற ஸ்பிரே, டர்பன்டைன், கற்பூர எண்ணெய் எதுவும் வேண்டாம், இவ்ளோ சின்ன உடம்பு அதத் தாங்காது. முட்டை அரிசி நொய் மாதிரி மஞ்சள் வெள்ளையா முடில ஒட்டிருக்கும், அந்த முடிய வெட்டி எறிஞ்சுடுங்க.

எங்க ரெண்டுக்கும் பின்பக்க முடி எப்பவும் தரைல படாத அளவுக்கு வெட்டிருக்கும். அழகு போச்சுன்னு என் அக்கா சொல்றா, சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கும் மேல எப்பவும் ஈரமாவே இருக்குன்னா முடி மேல பழி போடாதீங்க, மூத்திரப் பையில கல்லோ தொற்றோ இருக்கலாம்.

கே: உள்ளங்கால் செவந்து வீங்கி புண்ணாயிருக்கு.

கம்பி வலைத் தரை, இல்ல ஈரத்துணி, இல்ல எடை அதிகம். தரைய மாத்தாம எந்த மருந்து போட்டாலும் வேஸ்ட். இது எலும்பு வரைக்கும் போகும், அதனால வீங்கிடுச்சுன்னா வீட்டு வைத்தியம் இல்ல.

கே: முதுகுல ஒரு உருண்டை உடைஞ்சு பற்பசை மாதிரி வெள்ளையா வருது.

முதுகுல இடுப்புக் கிட்டன்னா பெரும்பாலும் கொழுப்புக்கட்டி தான், புத்துநோய் மாதிரி கெட்ட கட்டி இல்ல. தாடைக்கு அடியிலன்னா சீழ்க்கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம், இதுங்களோட சீழ் கெட்டியா பால்கட்டி மாதிரி இருக்கும், தானா வடியாது, டாக்டர் கீறி எடுத்துக் கழுவணும். ரெண்டையும் பிதுக்காதீங்க.

கே: நக்காம இருக்க கழுத்துல கூம்பு மாட்டலாமா?

எங்க முறுக்குக்கு மாட்டிப் பாத்தோம், சிலை மாதிரி ஒரு மூலைல நின்னு சாப்பாட்ட நிறுத்திடுச்சு. ஆறு மணி நேரத்துல கழட்டிட்டோம். கினி பிக் சாப்பிடாம இருக்கறது காயத்த விட பெரிய ஆபத்து, குடல் நின்னு போயிடும். கட்டும் பெரும்பாலும் நிக்காது, கடிச்சு முழுங்கும். திறந்தே விட்டு சுத்தமா வச்சுக்கறது தான் நடைமுறைக்கு ஒத்து வருது.

கே: சீக்கிரம் ஆற என்ன சாப்பிடக் குடுக்கறது?

நம்மள மாதிரியே இதுங்களுக்கும் உடம்புல வைட்டமின் சி ஊறாது, சாப்பாட்டுல வரணும். நல்லா இருக்கும்போதே ஒரு கிலோ எடைக்கு தினம் 10 லேர்ந்து 30 மில்லிகிராம் வேணும், காயம் இருந்தா இன்னும் கூட. சி பத்தலன்னா காயம் மூடவே மூடாது, பழைய தழும்பு கூட விட்டுப்போகும். குடைமிளகாய் ஒரு துண்டு தினமும், கொய்யா விரல் நுனி அளவு, கொத்தமல்லி. நெல்லிக்காய் ஒரு சீவல் குடுத்தா முறுக்கு தின்னும், பஞ்சு மூஞ்சத் திருப்பிக்கும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனா கால்சியம் அதிகம், எப்பவாச்சும் குடுங்க. தண்ணில சொட்டு மருந்து கலக்காதீங்க, சத்து சீக்கிரமே போயிடும், ருசி மாறினா தண்ணியும் குடிக்காது. காஞ்ச புல்லு எப்பவும் போல முன்னாடி குவிஞ்சிருக்கணும்.

கே: எப்போ டாக்டர் கிட்ட ஓடணும்? எங்க போறது?

அரை நாள் சாப்பிடல, புழுக்கை போடல, குன்னி உக்காந்து முடிய சிலுப்பிக்கிட்டு கண்ண பாதி மூடிருக்கு, காயம் நாறுது, சுத்தி வீங்குது, ரெண்டு நாள்ல சின்னதாகல, அப்போ யோசிக்காதீங்க. சமையல் தராசு ஒண்ணு வாங்கி காயம் ஆறற வரைக்கும் தினம் காலைல எடை போட்டு எழுதுங்க. வெளிப்பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், எடை மட்டும் 50 கிராம் எறங்கிருக்கும், அது நமக்கு மொத மணி.

சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, நாமக்கல் பக்கம்னா அங்கயும் காலேஜ் இருக்கு. தனியார் கிளினிக்னா போறதுக்கு முன்னாடி போன் பண்ணி 'கினி பிக் பாத்திருக்கீங்களா'ன்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க. போகும்போது துணைய கூட கூட்டிட்டுப் போங்க (சண்டக் காயம்னா தனித்தனி பெட்டி), பயம் குறையும். வெயில் நேரத்துல ஈரத்துணி சுத்தின தண்ணி பாட்டில் ஒண்ணு பெட்டிக்குள்ள வைங்க, இவ்ளோ முடியோட நம்ம ஊர் வெயில் இதுக்கு ஆகாது.

கே: வெட்டின முடி திரும்ப வருமா?

மாசத்துக்கு சுமாரா ஒரு இஞ்ச் வளரும். ஆழமான தழும்புல மட்டும் வராம போகலாம். பஞ்சுக்கு நான் கத்திரி பட வச்ச எடத்துல முடி வந்துச்சு, ஆனா பழுப்பு போய் வெள்ளையா வந்துச்சு, எட்டணா அளவுக்கு. அது வளர்ந்து தொங்கறப்போ வெள்ளக் கோடு போட்ட மாதிரி தெரியுது, வர்றவங்க எல்லாரும் அதத்தான் அழகா இருக்குன்னு போட்டோ எடுக்கறாங்க, நான் ஒண்ணும் சொல்றதில்ல.